ஒரு வாட்டுக்கும் குறைந்த குரல்

பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாட்களில், கும்மிடிப்பூண்டி வாசிகள் மாடியில் ஏறி நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு. 2005-ஆம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி கிளம்பிய ராக்கெட், 'ஹாம்சாட்' என்னும் சிறு துணைக்கோளையும் சுமந்து சென்றது. ரேடியோவைப் பொழுதுபோக்காகப் பயிலும் 'ஹாம்'கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்றே நம்மவர் செய்தது அது. இரண்டு வருஷம் உழைத்தால் போதும் என்று எண்ணினார்கள். 2014 வரை உழைத்தது. அது பூமிக்கு அனுப்பிய சக்தி எவ்வளவு? சுமார் ஒரே வாட்! பழைய டார்ச் விளக்கின் பல்புக்கு ஆகும் சக்தி அவ்வளவுதான்.

இந்த வித்தை நமக்குப் புதிதன்று. 1924-இலேயே சென்னையில் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் ரேடியோ சங்கம் கண்டு, 40 வாட் யந்திரத்தால் ஒலிபரப்பு நடத்தினார். பணமுடையால் 1927-இல் சங்கம் நின்றது. அன்று சீமையிலிருந்து உறுப்புக்களைத் தருவிக்க வேண்டியிருந்தது. இன்றோ தீப்பெட்டி அளவான 'ஆர்டுயினோ' பலகை ஒன்றும், அது சொன்னபடி அதிர்வெண்ணை உண்டாக்கும் சிறு சில்லு ஒன்றும் இருந்தால், பள்ளி மாணவனே டிரான்ஸ்மிட்டர் செய்துவிடலாம். சில்லு தருவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குதான். டிரான்ஸிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் அரை வாட் வரை உயரும். மொட்டை மாடியில் 66 அடிக் கம்பியைக் கட்டிவிட்டால் 7 மெகாஹெர்ட்ஸ் அலை புறப்பட்டுவிடும். ஆலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் மின்பொறிகளின் இரைச்சல் நாம் கேட்பதைத்தான் கெடுக்கும்; நாம் அனுப்புவதைத் தடுக்காது.

நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் 2008-இல் வகுத்த முறை ஒன்று உண்டு. நம் அழைப்புக் குறி, இருப்பிடம், சக்தி ஆகிய மூன்றை மட்டும் ஏறக்குறைய இரண்டு நிமிஷ நேரம் நிதானமாகச் சொல்வது அது. அயனி மண்டலம் அனுகூலமாயிருந்தால் கடல் கடந்த தேசங்களிலும் கேட்டுவிடுகிறது. உரக்கக் கத்துகிறவனைவிட நிறுத்திச் சொல்கிறவன் பேச்சு தூரம் போகிறது!

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். சில்லு தருவது சதுர அலை. 7-உடன் 21 மெகாஹெர்ட்ஸும் கூடவே கிளம்பும். கம்பிச்சுருளும் கண்டென்சரும் கொண்ட வடிகட்டி இல்லாமல் ஏரியலைத் தொடுப்பது, அடுத்தவர் வீட்டுக்குள் குப்பையைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். இரண்டாவது, சர்க்கார் பரீட்சையில் தேறி உரிமம் பெறாமல் அலையை விடுவது குற்றம். சக்தி சொற்பம் என்பது சட்டத்துக்குச் சமாதானம் ஆகாது.

"இதெல்லாம் வீண் விளையாட்டு" என்று தந்தைமார் முகம் சுளிக்கலாம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அந்தமானைத் தாக்கித் தந்தியும் டெலிபோனும் அற்றபோது, அங்கே ஹாம் ரேடியோவை இயக்கச் சென்றிருந்த ஸ்ரீமதி பாரதி பிரசாதும் தோழர்களும் இந்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டே பல குடும்பங்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். கடலோரம் வாழும் நாம் அதை மறக்கலாமா?

ராக்கெட்டை அண்ணாந்து பார்ப்பது நல்லதே. அதோடு, நம் பிள்ளைகளும் பெண்களும் பற்றுக்கோலைக் கையில் எடுத்துத் தாங்களே ஒரு குரலை வானில் விடட்டும், உரிமத்தோடு, வடிகட்டியோடு!