திண்ணைப் பேச்சு: ‘சார், இதுல தமிழ் வருமா?’

குத்தம்பாக்கத்தில் அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரப்போகிறார்கள் என்று பரணைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மூலையில் கிடந்த ஒரு தகரப்பெட்டியை எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி இறக்கித் திறந்தாள். உள்ளே சுருள் கம்பி போட்ட ஒரு தடிமனான புத்தகமும், ஒரு பழைய ஆடியோ கேசட்டும் இருந்தன.

“தாத்தா, இது எந்தப் படத்துப் பாட்டு?”

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“அது பாட்டு இல்லம்மா. கம்ப்யூட்டர் புரோகிராம்.”

“கேசட்லயா?”

“கேசட்லதான். டேப் ரெக்கார்டரை கம்ப்யூட்டரோட வயர் போட்டுச் சேர்க்கணும். ‘கீ...ச்’னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் புரோகிராம். கொஞ்சம் பெருசா இருந்தா உள்ள ஏற மூணு நிமிஷம் ஆகும். நடுவுல டேப் சிக்கிச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து.”

பேத்தி சிரித்தாள். புத்தகத்தைத் தூசி தட்டி அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிவி கம்பெனி கேட்ட கம்ப்யூட்டர்

“இதுக்குப் பேரு பிபிசி மைக்ரோ.”

“நியூஸ் சொல்ற பிபிசியா?”

“அவங்களேதான். 1980-களின் தொடக்கத்துல, வீட்டுல இருக்கிற சாதாரண ஜனங்களுக்கு டிவி வழியா கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கணும்னு இங்கிலாந்துல பிபிசி முடிவு பண்ணுச்சு. பார்க்கிறவங்க கூடவே செஞ்சு பழக ஒரு மெஷின் வேணுமே? கேம்பிரிட்ஜ்ல ஏகார்ன்னு ஒரு சின்ன கம்பெனி. அதை நடத்தின ஹெர்மன் ஹவுசர் ஒரு வேலை பண்ணினார். வடிவமைக்கிற ரெண்டு பேர்ல சோஃபி வில்சன்கிட்ட ‘ஒரு வாரத்துல முடியும்னு ஸ்டீவ் சொல்றார்’னார். ஸ்டீவ் ஃபர்பர்கிட்ட ‘முடியும்னு சோஃபி சொல்றாங்க’ன்னார்.”

“ஐயோ! போட்டு வாங்கிட்டாரு!”

“ராப்பகலா உட்கார்ந்து அதே வாரம் ஓட வெச்சுட்டாங்க. பிபிசிக்காரங்க வந்து பார்த்தாங்க, வேலை இவங்களுக்கே கிடைச்சுது. 1981 டிசம்பர்ல மெஷின் வெளிய வந்துது. 15 லட்சத்துக்கு மேல வித்துது.”

புத்தகத்தில் இருந்த படத்தை அவர் காட்டினார். வெளிர் பழுப்பு நிறத்தில் தட்டையான பெட்டி. கீ-போர்டும் கம்ப்யூட்டரும் ஒன்றுதான், தனித்தனி இல்லை. கறுப்புச் சாவிகளுக்கு மேலே வரிசையாகப் பத்துச் செம்மஞ்சள் சாவிகள்.

“ஸ்கிரீன் எங்கே?”

“வீட்டு டிவியில சொருகிக்கலாம். அதனாலதான் வீட்டுக் கம்ப்யூட்டர். நினைவகம் 32 கேபி. உன் போன்ல எடுக்கிற ஒரு போட்டோ 3 எம்பின்னா, இந்த மெஷின் மொத்தத்தையும் போல கிட்டத்தட்ட நூறு மடங்கு.”

“அதுல என்னதான் செய்ய முடியும்?”

“அதுதான் சூட்சுமம். இருக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கணும். நல்ல கலரோட படம் வரையணும்னா ஸ்கிரீன் மட்டுமே 20 கேபியைத் தின்னுடும். வெறும் எழுத்து போதும்னா ஏழாம் நம்பர் ‘மோட்’னு ஒண்ணு இருந்துது. அதுக்கு ஒரே ஒரு கேபி. எது வேணும்னு நாமளே தேர்ந்தெடுத்துக்கணும். மாசச் சம்பளத்துல குடும்பம் நடத்துற மாதிரி.”

உள்ளேயிருந்து பாட்டி, “அது மட்டும் நல்லா தெரியும்” என்றார்.

பூட்டின அறை

“இது எப்படி தாத்தா உங்ககிட்ட வந்துச்சு?”

“1984-85ல மத்திய அரசு ‘கிளாஸ்’னு ஒரு திட்டம் கொண்டுவந்துது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் காட்டணும்னு. முதல்ல நாடு முழுக்க 250 பள்ளிக்கூடம். அதுக்குத் தேர்ந்தெடுத்த மெஷின் இதுதான். அப்புறம் பஞ்சாப் மொகாலியில இருந்த அரசாங்கக் கம்பெனி ‘யூனிகார்ன்’னு பேர் வெச்சு இதை நம்ம ஊர்லயே தயாரிக்கவும் செஞ்சுது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கும் மெஷின் வந்துது. கணக்கு வாத்தியார்னு என்னைப் பொறுப்பாளர் ஆக்கினாங்க. கொஞ்ச நாள் பயிற்சி, அப்புறம் சாவி என் கையில.”

“சூப்பர்! அப்ப நீங்கதான் கம்ப்யூட்டர் சார்.”

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. பேப்பரை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

“சாவி சார்னு சொல்லு. செருப்பைக் கழட்டிட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள போகணும். மெஷினுக்குத் துணி உறை. ஃபர்ஸ்ட் ரேங்க், செகண்ட் ரேங்க் பிள்ளைங்க மட்டும் தொடலாம். மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டுப் பின்னால நின்னு பார்க்கணும். வலது பக்கம் ‘பிரேக்’னு ஒரு சாவி இருக்கும். அதைப் பிள்ளைங்க அழுத்திடக் கூடாதுன்னு அட்டை வெட்டி மேல ஒட்டிட்டேன்.”

“அழுத்தினா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. மெஷின் முதல்ல இருந்து தொடங்கும். அவ்வளவுதான். எழுதின புரோகிராம் போயிடுச்சேன்னு தோணும். ‘ஓல்டு’னு அடிச்சா திரும்ப வந்துடும். பிள்ளைங்க அழுத்துவாங்கன்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்காங்க. அடிப்படையான எல்லாமே அழிக்க முடியாத ராம் இல்லாத வேற சிப்புல, ராம் வேற, ராம்... சரி, எளிசா சொல்றேன். மெஷினோட மூளைப்பாடம் எல்லாம் ‘ரோம்’னு அழியாத சிப்புல இருந்துது. நீ என்ன தட்டினாலும் அதைக் கெடுக்க முடியாது. தப்பா அடிச்சா ‘மிஸ்டேக்’னு ஒரு வார்த்தை மட்டும் காட்டிட்டு, அடுத்து என்னன்னு காத்திருக்கும். என்னைவிடப் பொறுமை.”

“இது அப்ப உங்களுக்குத் தெரியாதா?”

“இந்தப் புத்தகத்துல இருக்கு. பயிற்சியில சொன்ன பக்கங்களைத் தவிர நான் வேற பக்கம் புரட்டல. விலை உயர்ந்த பொருள், கெட்டுப்போனா யார் பதில் சொல்றதுன்னு அந்தப் பயம்தான்.”

தெருவில் தண்ணீர் கேன் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை அவர் பேசவில்லை.

“எட்டாவதுல ஒரு பொண்ணு. ரேங்க் எல்லாம் கிடையாது. தினம் ஜன்னல்கிட்ட வந்து நிக்கும். ஒருநாள் தைரியமா உள்ள வந்து, ‘சார், இதுல தமிழ் வருமா?’ன்னு கேட்டுது. ‘வராது. இது இங்கிலீஷ் மெஷின். போய்ப் படிக்கிற வழியைப் பாரு’ன்னேன். ‘ஒரே ஒருவாட்டி தொட்டுப் பார்க்கட்டுமா சார்?’னுச்சு. ‘பரீட்சை முடியட்டும்’னேன்.”

“அப்புறம்?”

“பரீட்சை முடிஞ்சுது. அந்தப் பொண்ணு அப்புறம் ஜன்னல் பக்கம் வரல.”

128, 64, 32, 16...

“சரி, தமிழ் வராதுதானே? பொய் சொல்லலையே நீங்க.”

தாத்தா புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். ஓரம் மடித்து வைத்திருந்த பக்கம்.

“பழைய சாமான் கழிச்சப்ப இந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். ரிட்டயர் ஆன பிறகுதான் முழுசாப் படிச்சேன். ஒரு கட்டம் போட்ட நோட்டு எடுத்துட்டு வா, சொல்றேன்.”

நோட்டு வந்தது. எட்டுக்கு எட்டு என்று 64 கட்டங்களைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டார். மேலே இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதினார்.

“ஒவ்வொரு எழுத்தும் இந்தக் கட்டத்துக்குள்ள புள்ளிங்கதான். கோலம் மாதிரி. ‘ப’ போடு பார்ப்போம்.”

பேத்தி 128-க்குக் கீழே நெட்டாகக் கட்டங்களைக் கறுப்பாக்கினாள். 2-க்குக் கீழேயும் அப்படியே. கடைசி வரிசையில் இரண்டையும் சேர்த்துப் படுக்கையாக ஒரு கோடு.

“இப்ப ஒவ்வொரு வரிசையையும் கூட்டு. எந்தக் கட்டம் கறுப்போ, அந்த நம்பரை மட்டும்.”

“128-ம் 2-ம். 130. அடுத்த வரிசையும் 130... ஏழு வரிசைக்கும் 130. கடைசி வரிசை 128, 64, 32, 16, 8, 4, 2... 254.”

“அவ்வளவுதான். இந்த எட்டு எண்ணைக் கொடுத்தா அந்த மெஷினுக்கு ‘ப’ தெரிஞ்சிடும். யார் வேணும்னாலும் அவங்க மொழி எழுத்தை வரைஞ்சு கொடுக்கட்டும்னு அதுக்கு இடம் விட்டே வெச்சிருந்தாங்க.”

“அப்ப தமிழ் வரும்!”

“வரும். நாமதான் சொல்லிக் கொடுக்கணும். அந்தப் பொண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.”

பேத்தி சட்டென்று எழுந்துபோய் அம்மாவின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பழைய கம்ப்யூட்டரை அப்படியே நடித்துக் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. பிரவுசரில் தேடித் திறந்ததும் ‘டூ... பீப்’ என்று சத்தம் வந்தது. கறுப்புத் திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்று வெள்ளை எழுத்து. தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ‘விடியு 23’, காற்புள்ளி, 224, பிறகு ஏழு முறை 130, ஒரு 254. அதாவது, 224-ஆம் எழுத்தை இப்படி மாற்றிக்கொள் என்று கட்டளை. அடுத்து ‘விடியு 224’ என்று அடித்தாள். ‘ப’ வரவில்லை. வேறு ஏதோ ஒரு குறி வந்தது.

“தப்பு பண்ணிட்டோம்.”

“இரு, இரு. நான்தான் மறந்துட்டேன். மெஷின் ஏழாம் மோட்லதான் கண் திறக்கும். ஒரு கேபியில சிக்கனமா ஓடுதுன்னு சொன்னேனே? அந்தச் சிக்கனத்துக்கு விலை, அதுல புது எழுத்து வரைய முடியாது. ‘மோட் 1’னு அடி. அப்புறம் மறுபடி செய்.”

அடித்தாள். திரையில் பொடிசாக, நேராக, வெள்ளை நிறத்தில் ஒரு ‘ப’ வந்து நின்றது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உன் கையிலும் இருக்கு

“இந்த மெஷின் அடியில இன்னொரு வாசல் வெச்சிருந்தாங்க” என்றார் தாத்தா. “‘டியூப்’னு பேரு. இன்னொரு பிராசஸரை வெளியில இருந்து சேர்த்து ஓட்டலாம். நாளைக்கு இதைவிடப் பெருசா ஒண்ணு வரும்னு நெனச்சே வெச்சது. அதே சோஃபியும் ஸ்டீவும் அடுத்து ஒரு புது பிராசஸரை வடிவமைச்சாங்க. 1985 ஏப்ரல் 26-ம் தேதி சிப் வந்து சேர்ந்துது. எதுல சொருகிப் பார்த்தாங்க?”

“இதுலயா?”

“இதே பிபிசி மைக்ரோவுலதான். எவ்வளவு மின்சாரம் இழுக்குதுன்னு ஸ்டீவ் மீட்டர் வெச்சுப் பார்த்தார். சுழியம் காட்டுச்சு. ஆனா சிப் ஓடிக்கிட்டு இருக்கு. அப்புறம்தான் தெரிஞ்சுது, சிப்புக்கு மின்சார இணைப்பே வரல. பக்கத்துச் சர்க்யூட்ல இருந்து கசியுற துளி மின்சாரத்துலயே அது ஓடியிருக்கு. அதுக்குப் பேர் ஏஆர்எம். பேட்டரியைக் கொஞ்சமாக் குடிக்கிற அந்த வம்சம்தான் இன்னிக்கு ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போனுக்குள்ளயும் இருக்கு. உன் போன்லயும்.”

பேத்தி போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“அங்க கேம்பிரிட்ஜ்ல இந்த மெஷினோட அடியில புது சிப்பைச் சொருகிக்கிட்டு இருந்த காலத்துலதான், இங்க நான் அதே மெஷினுக்கு உறை போட்டு மூடி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு இருந்தேன்.”

“அந்த அக்கா இப்ப எங்க இருப்பாங்க தாத்தா?”

“தெரியலம்மா. அம்பது வயசு தாண்டியிருக்கும். உன் வயசுல பேரன் பேத்திகூட வந்திருக்கும்.”

பேத்தி நோட்டில் புதிதாக ஒரு 64 கட்டம் போட்டாள். “நான் ‘பட்டம்’னு எழுதப்போறேன். ‘ட’ ஈஸி. ஏழு வரிசை 128, கடைசியில 254. ஆனா ‘ட்’டுக்கு மேல புள்ளி வைக்க இடமில்லையே?”

“யோசி.”

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். “எழுத்தை ரெண்டு வரிசை கீழ இறக்கிட்டா? முதல் வரிசை புள்ளிக்கு 16. ரெண்டாவது காலி, சுழியம். அப்புறம் அஞ்சு 128, ஒரு 254.”

தட்டினாள். ‘ட்’ வந்தது.

அதற்குள் எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். சின்னவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

“தாத்தா, நானும் ஒருவாட்டி அடிக்கட்டுமா?”

“கையை ஏன்டா கட்டிக்கிட்டு நிக்கிறே? வந்து உட்காரு” என்று அவர் நகர்ந்து இடம் விட்டார். “எதை வேணும்னாலும் அழுத்து. தப்பானா ‘மிஸ்டேக்’னு சொல்லும். அவ்வளவுதான்.”

‘ம்’ மட்டும் பாக்கி இருந்தது. அந்த வளைவை எட்டுக் கட்டத்துக்குள் எப்படி அடக்குவது என்று மூன்று தலைகளும் நோட்டின் மேல் குனிந்தன. விளக்கு போடும் நேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. தாத்தாவுக்கு விடை தெரியும். அவர் சொல்லவில்லை.