ஏமாந்து போட்ட கையெழுத்தும் நடுவர் ஷரத்தும்

கோவை ஸ்ரீ அங்கண்ணன் பிரியாணி ஓட்டலின் பெயர் யாருக்கு என்ற வழக்கில், அந்த வணிகச் சின்னத்தை எழுதிக் கொடுத்த பத்திரமே மோசடி என்றது ஒரு தரப்பு. தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்ற ஷரத்தும் அதே பத்திரத்தில்தான் இருந்தது. கோவை வணிக நீதிமன்றம் வழக்கை நடுவரிடம் அனுப்பியது. உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அமெரிக்காவில் ஜூரி விசாரணை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் பின்னால் ஏமாற்றப்பட்டேன் என்றால், மோசடி என்று சொல்லப்படும் பத்திரத்தில் உள்ள ஷரத்து கட்டுப்படுத்துமா என்ற இதே கேள்விதான் எழும். ஜூரி முறையை எப்போதோ கைவிட்டுவிட்ட நம் நாட்டில், கையெழுத்துப் போடுபவர் இழப்பது நீதிமன்றத்தையே.

இதற்கு நேர்மாறான தீர்ப்பும் கோவை வழக்கு ஒன்றில்தான் வந்தது. மேஸ்ட்ரோ என்ஜினியர்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தின் வழக்கில், கடுமையான மோசடிப் புகாரை நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 டிசம்பரில், வித்யா டிரோலியா வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த நிலைப்பாட்டைத் தள்ளிவிட்டது. அது சரிதான். மோசடி என்ற ஒரு சொல்லால் ஷரத்து செத்துவிடும் என்றால், கணக்குக் காட்ட மனமில்லாத கூட்டாளிகள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் அந்த அமர்வு ஒரு விலக்கு வைத்தது: மோசடி நடுவர் ஷரத்தையே கெடுத்திருந்தால் நடுவரிடம் போக வேண்டியதில்லை. பேசி முடித்து ஆளுக்கொரு வக்கீலோடு கையெழுத்திட்டவர்களுக்கு, பத்திரத்தில் மோசடி வேறு, ஷரத்தில் மோசடி வேறு என்ற இந்தப் பிரிவினை பொருந்தும். எதிராளி அச்சடித்துக் கொடுத்த படிவத்தில், சொன்னது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருக்கும்போது, ஷரத்து மட்டும் எப்படித் தனியே நல்லதாக நிற்கும்? நுகர்வோர் என்றால் ஷரத்தைத் தாண்டி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் கோவைக்கு அருகே சோமனூரில் ஆள் வைத்துத் தறி ஓட்டுபவர் வாங்கும் இயந்திரம் வணிகக் கொள்முதல் என்பதால் அந்தக் கதவும் பெரும்பாலும் திறக்காது. நடுவரிடம் போனால் செலவும் கூடுதல்: நடுவர் சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி 5 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுக்கு நடுவர் கட்டணமே 45,000 ரூபாய். தமிழ்நாட்டில் அதே தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 15,000 ரூபாய்.

தன் அதிகாரம் செல்லுமா என்பதை 16-வது பிரிவின்படி நடுவரே முடிவு செய்யலாமே, எல்லாவற்றையும் நீதிமன்றம் தோண்டினால் வழக்கு இழுக்காதா என்று கேட்பார்கள். முழு மோசடியையும் தோண்டச் சொல்லவில்லை. செல்லத்தக்க நடுவர் ஒப்பந்தம் முதல் பார்வையிலேயே இல்லை என்று தெரிந்தால் அனுப்பத் தேவையில்லை என்று 8-வது பிரிவே சொல்கிறது. ஒரு தரப்பு அச்சடித்த படிவம் என்றால், கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பதை மட்டும் பிரமாணப் பத்திரங்களை வைத்து அந்தக் கட்டத்திலேயே பார்க்கலாம். பொய் சொன்னவர் செலவுத் தொகை கட்டட்டும். இதைவிட எளிய திருத்தமும் உண்டு. நடுவரிடம் அனுப்ப மறுத்தால் 37-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அனுப்பிவிட்டால் அந்தப் பிரிவில் மேல்முறையீடே கிடையாது. ஷரத்தை எழுதியவருக்கு உள்ள அந்த உரிமையை, அதில் ஏமாந்ததாகச் சொல்பவருக்கும் நாடாளுமன்றம் தர வேண்டும்.