ஊரின் மணலும் ஊர் நினைப்பும்

ஜூலை பிறந்து ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும், யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப்பகுதிக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் வான்கள் கூடிவிடுகின்றன. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் வரை ஓடுகின்றன. மண்கும்பான் பிள்ளையார் கோயிலில் ஓர் அர்ச்சனை, சாட்டிக் கடலில் ஒரு குளிப்பு, இடிந்த சுவரைத் தொட்டபடி ஒரு படம். அன்றிரவே அந்தப் படம் வட்ஸ்அப் குழுக்களில் வலம் வரும். கீழே எழுதப்படும் வரி ஆண்டுக்காண்டு மாறுவதில்லை: அந்தக் காலம் மாதிரி வருமா? அதற்கடுத்த வரியும் மாறுவதில்லை: இப்பத்தையப் பெடியளுக்கு ஊரைப் பற்றி என்ன தெரியும்?

முதல் வரியில் இருக்கும் ஏக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. இரண்டாவது வரி குற்றம். முதல் வரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொய்யிலிருந்துதான் அந்தக் குற்றம் முளைக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

ஊர் நினைப்பு பாவமல்ல. தீவுப்பகுதி மக்களுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுகளுக்குள் இறங்கியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஊர்களில் பிடித்துச் செல்லப்பட்டு, திரும்பி வராமலே போன இளைஞர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. 1991 ஒக்டோபரில் தீவுகள் முற்றாக இராணுவத்தின் கைக்குப் போனபோது சனம் யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. 1995இல் அங்கிருந்தும் ஓடியது. 2006 மே மாதம் அல்லைப்பிட்டியில் குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விரும்பிப் போனவரின் ஏக்கமும் துரத்தப்பட்டவரின் ஏக்கமும் ஒன்றல்ல. 1688இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் யொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்தவர்களின் உருக்கத்தை ஒரு நோய் என்று வகைப்படுத்தி ஆய்வேடு எழுதினார். உறுதியான மருந்து நோயாளியை ஊருக்கு அனுப்புவதே என்றார். அதே சுவிஸில் இன்று தீவார் மன்றம் வைத்து ஒன்றுகூடல் நடத்துகிறார்கள். ஹோஃபரின் மருந்து அவர்களிடம் பலிப்பதில்லை. விமானமேறி வந்து இறங்கியும் நோய் தீராமல் போகிறார்கள். அவர்கள் தேடிவருவது வரைபடத்தில் உள்ள ஊரை அல்ல.

தேடுவது எதை? எல்லோரும் வீட்டில் கூடியிருந்த ஒரு காலத்தை. தீவுகளில் அப்படியொரு காலம் இருந்ததாக எமக்குத் தெரியவில்லை. ஆறு இல்லாத நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய ஒருபோக நெல், சில இடங்களில் புகையிலை, பனை, கடல். அது போதாமல் ஆண்கள் கொழும்புக்கும் தெற்கின் சிறுநகரங்களுக்கும் கடைச் சிப்பந்திகளாகப் போனார்கள். கெட்டித்தனமும் கூட்டுமுயற்சியும் இருந்தவர்கள் முதலாளிகளானார்கள். சாப்பாட்டுக் கடை, பலசரக்குக் கடை, சுருட்டுக் கடை. வருடப்பிறப்புக்கும் திருவிழாவுக்கும் ஊர் வந்தார்கள். மிச்ச நாட்களில் காசுக்கட்டளையை எதிர்பார்த்துப் பெண்கள் தனியே பிள்ளைகளை வளர்த்தார்கள். 1958, 1977, 1983 கலவரங்கள் அந்தக் கடைகளைத் தின்றபின் பயணத்தின் திசை மேற்கே திரும்பியது. கொழும்பிலிருந்து ஊருக்கு ஏங்கிய அப்புவின் பேரன் இப்போது ரொறன்ரோவிலிருந்து ஏங்குகிறான். அப்புவின் காலத்திலும், கொழும்புக்குப் போன பெடியன் ஊரை மறந்துவிட்டான் என்று ஏசத் திண்ணையில் ஆளிருந்திருக்கும்.

இனிக் கிணற்றடிக்கு வருவோம். பழைய ஊரைப் பற்றிப் பேசும் எவரும் கிணற்றடியைச் சொல்லாமல் விடுவதில்லை. துலா, வாளி, வாழைக்குப் பாயும் குளிப்புத் தண்ணீர். ஆனால் தீவுகளில் நல்லதண்ணீர்க் கிணறு அபூர்வம். பல கிணறுகளில் ஊறுவது சவர்த்தண்ணீர். அதனாலேயே எந்தக் கிணறு யாருடையது, யார் அதில் அள்ளலாம், யார் குடத்தோடு எட்ட நின்று எவராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் ஊரின் எழுதாத சட்டமாக இருந்தது. பொது இடத்தில் சாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இந்த நாட்டில் 1957இலேயே வந்துவிட்டது. பதினான்கு வருடங்கள் கழிந்தும் அது புங்குடுதீவுக்கு வந்து சேரவில்லை. அவ்வூரவரான எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல், கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் அள்ள வேண்டும் என்று சத்தியாக்கிரகம் இருந்தார். கேட்டது ஆட்சியை அல்ல, ஒரு குடம் தண்ணீரை. பொலிஸாரிடம் அடி வாங்கினார், மறியலுக்குப் போனார். 1973இல், நாற்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார்.

பொலிஸை நாம் சுலபமாகத் திட்டிவிடலாம். அந்தக் கிணற்றை மறித்த வழமை பொலிஸுடையது அல்ல, ஊருடையது. 1971இல் இருபது வயதாயிருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு ஒற்றுமை என்று யூடியூப்பில் செவ்வி கொடுப்பவர் ஏறத்தாழ அந்த வயதுக்காரர். ஐயா, அப்ப அந்தக் கிணத்தடியில நீங்கள் எந்தப் பக்கம் நிண்டனீங்கள் என்று கமராவோடு போகும் பிள்ளை கேட்பதில்லை. கேட்க வேண்டும். அது மரியாதைக் குறைவு அல்ல. அவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

வெள்ளையடிக்காமலும் நினைக்க முடியும் என்பதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. மண்கும்பானுக்குப் பக்கத்து ஊரான அல்லைப்பிட்டியைச் சேர்ந்தவர் ஷோபாசக்தி. பாரிஸில் இருந்துகொண்டு ‘கொரில்லா’விலும் ‘ம்’ நாவலிலும் பிற கதைகளிலும் அவர் எழுதியதில் ஊரின் சாதி, இயக்கங்களின் வன்முறை, இராணுவத்தின் கொலை எதற்கும் சலுகை இல்லை. அதனாலேயே ஏச்சும் வாங்குகிறார். ஊர்மேல் அக்கறை இல்லாதவன் இவ்வளவு கவனமாக ஊரின் அழுக்கைப் பார்க்க மாட்டான் என்பது எமது கருத்து.

மண்கும்பானில் ஒரு பள்ளிவாசலும் உண்டு. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அங்கு கந்தூரிக்கு வருவார்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுப்பேரையும், ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஊரை இழந்தோம் என்று அழும் நம் மன்ற மலர்களில், அதே ஆண்டு அதே கடற்கரையை இழந்த இவர்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினோம்? பெண்களின் கதையும் இப்படித்தான். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த யாழ்ப்பாணத்து வழமைகளான தேசவழமையின் வழிவந்த சட்டத்தின்படி, மணமான பெண் தன் சீதனக் காணியைத் தானே விற்க முடியாது. கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்தக் காலம் போய்விட்டதே என்று கவலைப்படும் ஐயாமாருக்கு ஓர் ஆறுதல்: இந்த விடயத்தில் அது இன்னும் போகவில்லை.

பொய்யான நினைவு மனதுக்குள் மட்டும் கிடந்தால் விட்டுவிடலாம். அது மண்ணையும் தின்கிறது. மண்கும்பான், சாட்டிப் பகுதியின் மணல் மேடுகள் வெறும் காட்சிப் பொருளல்ல. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீருக்கு மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கணக்குப்படி அதன் பாரம் உப்புநீரைக் கீழே நாற்பதடிவரை தள்ளி வைக்கும். மட்டம் ஓரடி இறங்கினால் உப்பு அதே கணக்கில் மேலே ஏறும். சாட்டிக் கிணறுகளின் தண்ணீர் சுற்றுவட்டத் தீவுப்பகுதி ஊர்களின் தாகத்தைத் தீர்த்து வந்தது இந்த ஏற்பாட்டால்தான். அந்த மணலைத்தான் இரவில் உழவு இயந்திரமும் டிப்பரும் அள்ளுகின்றன. 2019 டிசம்பரில் மணல் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று அரசு அறிவித்தபோது அள்ளுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டியிருந்தது?

அள்ளுகிறவனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது பொலிஸின் வேலை. எமது கேள்வி வாங்குகிறவரிடம். வடக்கில் இத்தனை மணல் கேட்பது அன்றாடங்காய்ச்சியின் குடிசை அல்ல. வெளிநாட்டுக் காசில் எழும் மாடி வீடுகளும், திருமண மண்டபங்களும், ஆண்டில் மூன்று வாரம் மட்டும் திறக்கப்படும் வளவுகளைச் சுற்றிய ஆளுயர மதில்களும் அந்தக் கேட்பில் பெரும்பங்கு. முன்பு கிடுகு வேலியும் பனைமட்டை வேலியும் நின்ற இடங்கள் அவை. ஊர்மேல் உள்ள பாசத்தால் வீடு கட்டுகிறேன் என்கிறார். அந்த வீட்டின் தூணுக்குள் போவது அயலாரின் குடிதண்ணீர். இதை அறியாமல் செய்தால் கேட்டறியட்டும். அறிந்தும் செய்தால் அது திருட்டில் பங்கு. இதைவிட மென்மையான சொல் எம்மிடம் இல்லை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024இல் திறந்தாகிவிட்டது, இனி மணலைப் பற்றி என்ன கவலை என்று கேட்போரும் உண்டு. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள அந்த ஆலை வெளிநாட்டுக் கடனில் கட்டப்பட்டது, மின்சாரத்தில் ஓடுவது. மணல் மேடு கடனும் கேட்டதில்லை, மின்கட்டணப் பட்டியலும் அனுப்பியதில்லை.

இப்போது அந்த இரண்டாவது வரி. இன்றைய பெடியள் கெட்டுவிட்டார்கள் என்ற தீர்ப்பு. போதைப்பொருள் வடக்கில் உண்மையான நோய். வாளோடு திரியும் கும்பல்களும் உண்மை. அவற்றை மூடிமறைக்க மாட்டோம். ஆனால் ஏசுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. கைப்பேசி, தலைமுடி, உடுப்பு, பெட்டைகள் மோட்டார் சைக்கிள் ஓடுவது, சாதி பாராமல் கல்யாணம் செய்வது, கோயில் கூட்டத்தில் எதிர்த்துக் கேள்வி கேட்பது, இவைதான் பட்டியலில் வருகின்றன. 1930ஐ ஒட்டி, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடங்களில் சம ஆசனத்தில் இருத்த வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. எரித்தவர்களும் காலம் கெட்டுவிட்டது என்றே சொல்லியிருப்பார்கள். இன்று மண்கும்பானிலிருந்து வேலணைக்குப் படிக்கப் போகும் பிள்ளை வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அந்த வகுப்பு கவலைப்படுவதில்லை. ஆள் குறைந்த ஊரில், மூடிய பற்றைக்கு நடுவில், பஸ்ஸுக்குக் காத்து நின்று படிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஊரைப் பற்றித் தெரியாதா? ஊரில் இருப்பது அது மட்டும்தான். முப்பது வருடம் முன்பு விட்டுப்போன ஒருவரைவிட, எந்தக் கிணறு எந்த மாதம் சவராகும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

ஊரைப் பிரிந்தவர்களால் நன்மை விளைந்ததில்லை என்று நாம் சொல்லவில்லை. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் கடற்பாதைக்கு வாணர் பாலம் என்று பெயர் நிலைத்தது, அதற்காக முயன்ற வாணர் சகோதரர்களால். அவர்களும் பழைய ஊரை விரும்பியவர்களே. ஆனால் ஊர் பழையபடியே இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, நோயாளியை வள்ளத்துக்குக் காக்க வைக்காத ஒரு பாதையைக் கேட்டார்கள். இன்று கோபுரத்துக்கு வர்ணம் பூச இலட்சக்கணக்கில் சேர்க்கும் மன்றங்கள், தம் உறுப்பினர்களிடம் இரண்டு விடயங்களில் கையெழுத்து வாங்கட்டும். ஒன்று, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி இலக்கம் கைக்கு வராமல் ஒரு லோட் மணலும் வாங்குவதில்லை என்று. மற்றது காணி. தீவுகளில் பற்றை மூடிக்கிடக்கும் வளவுகளின் உரிமையாளர்கள் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அதே தெருவில் ஒதுக்குப்புறத்தில் உறுதி இல்லாத துண்டில் தகரக் கொட்டில் போட்டு இருக்கும் குடும்பத்துக்கு வீட்டுத்திட்டம் கிடைப்பதில்லை, காணி உறுதி கேட்கிறார்கள் என்பதால். விற்பதோ, நீண்ட குத்தகைக்கு எழுதுவதோ, நன்கொடையாகக் கொடுப்பதோ அவரவர் விருப்பம். பூட்டி வைத்துக்கொண்டு ஏங்குவதற்கு மட்டும் நியாயம் கிடையாது. அப்படி எழுதிக்கொடுத்த காணிகளின் விபரத்தை மன்றங்கள் அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே இடம் தருவோம். ஒன்றுகூடல் படங்களை அனுப்ப வேண்டாம், பிரசுரிக்கப்பட மாட்டாது.