மண்ணைப் பாடுவோரும் மண்ணில் புதைவோரும்

நம் இலக்கியத்தில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. தாய்மண், பிறந்த மண், மண்வாசனை, மண்ணின் மைந்தர் என்று எழுதிக் குவித்துவிட்டோம். ஆனால், அந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், மழைநீர் ஊறினால் அது என்னவாகும், அதன்மேல் குடியிருப்பவன் இன்றிரவு அச்சமின்றி உறங்கலாமா என்று கேட்ட எழுத்தாளர் எத்தனை பேர்? “அது எஞ்சினியர்களின் அலுவல், இலக்கியத்துக்கு அதில் என்ன வேலை?” என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உள்ளனர். அவர்களை முன்னிறுத்தியே இதை எழுதுகிறேன்.

மண் பரிசோதனை மந்திர வித்தையன்று. நிலத்தில் துளையிட்டு, அதன் அடியில் ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 76 சென்றிமீற்றர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுகிறார்கள். குழாய் 45 சென்றிமீற்றர் இறங்க வேண்டும். முதல் 15 சென்றிமீற்றரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எஞ்சிய 30 சென்றிமீற்றர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்பதே கணக்கு. மணல் நிலத்தில் நாலு அடிக்குள் இறங்கிவிட்டால் மண் மிகத் தளர்ந்தது; ஐம்பது அடிக்கும் இறங்காவிட்டால் மிக இறுகியது. கார்ல் டெர்சாகி 1925-இல் மண்ணியக்கவியலை நூலாக வகுத்து நூறாண்டு கழிந்துவிட்டது. இன்று நமக்குக் குறைவாக இருப்பது அறிவன்று.

அந்தச் சம்மட்டியைத் தூக்குபவன் நாட்கூலித் தொழிலாளி. அவனை விரட்டி வேலை வாங்கினால் சம்மட்டி முழு உயரம் ஏறாது. உயரம் குறைந்தால் அடிகள் கூடும். அடிகள் கூடினால் நலிந்த மண்ணும் அறிக்கையில் வலிய மண்ணாகிவிடும். அதேபோல, ஆவணிக் கோடையில் துளையிட்டுப் பார்த்தவனுக்கு வரண்ட மண்தான் தெரியும். திருகோணமலையில் வாடைக்காற்று மழை கொட்டும் மார்கழியில் நிலத்தடி நீர் மேலேறி, அதே மண் வலுவிழப்பதை அந்த அறிக்கை சொல்லாது. எனவே, அடிகளை எண்ணுவதிலும் நேர்மை வேண்டும்; துளையிடும் பருவத்தைத் தேர்வதிலும் நேர்மை வேண்டும். இலாபத்துக்காக நாளைக் குறைக்கும் ஒப்பந்தக்காரனிடம் அந்த நேர்மையை யார் கேட்டு வாங்குவது?

எங்கள் கப்பல்துறைக்கு அண்மையில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் தம் கடற்படைக்காக எழுப்பியவை அவை. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் எண்ணெய் கொள்ளும். அத்தனை பாரத்தைத் தாங்கும் நிலம் எது என்று பாராமல் எந்த ஆட்சியும் அவற்றைக் கட்டியிராது. அதே பேரரசின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளிக்குக் கிடைத்ததோ மலைச்சரிவில் ஒரு லயன் அறை. எண்ணெய்க்கு நிலம் பார்த்தவர்கள் மனிதனுக்கு நிலம் பார்க்கவில்லை. ஆட்சி மாறியது, இந்த ஓரவஞ்சனை மாறியதா?

2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயன் வரிசைகள் மக்களோடு புதைந்தன. பலரின் உடல்கள்கூட மீட்கப்படவில்லை. இது யாரும் அறியாத ஆபத்தா? அன்று! அந்த இடம் குடியிருக்கத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தது. அதன் சொல்லை நிறைவேற்ற வேண்டியவர்களே உறங்கினார்கள்.

“எச்சரித்தோம், அவர்கள்தாம் போகவில்லை” என்று சிலர் வாதிடுகின்றனர். எங்கே போவார்கள்? காணி அவர்களுடையதன்று; லயன் அவர்களுடையதன்று; தோட்டத்தை விட்டால் வேலையுமில்லை. போக்கிடம் காட்டாமல் “போ” என்பதற்குப் பெயர் எச்சரிக்கையா? உயிர்கள் போன பின்னர்தான் எஞ்சியோருக்கு வேறிடத்தில் வீடுகள் எழுந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகம் மீண்டும் சரிந்து மீண்டும் மக்களைப் புதைத்தது. இதை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் எழுதிவிட்டு ஓய்கிறவன் பாதி உண்மையை மறைக்கிறான்.

மலையகத்தின் கதை நமக்கில்லை என்று கரையோரத்தார் எண்ணவேண்டாம். நம் மாவட்டத்தின் நிலம் ஒரே தன்மையதன்று. கோணேசர் கோயில் கன்மலைமீது நிற்கிறது. கொட்டியாற்றுக் கரையிலோ மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டல். ஓரிடத்தில் கட்டிய அத்திவாரத்தை இன்னோரிடத்தில் அப்படியே பிரதி செய்ய முடியாது. ஏழைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பள்ளக்காணி. அதில் கிரவலைக் கொட்டி, மேலே கல் அடுக்கி வீடு எழுப்புகிறான். நிரப்பும் மண்ணை மெல்லிய படைபடையாக இட்டு, அளவான ஈரப்பதத்தில் உருளையால் இறுக்க வேண்டும் என்பதைப் புரொக்டர் 1933-லேயே விளக்கிவிட்டார். ஒரே நாளில் கொட்டி மூடிய மண் மெல்ல மெல்ல அமரும்; ஒரு மூலை அதிகம் அமர்ந்தால் சுவர் வெடிக்கும். ஆயுட்கால உழைப்பும் பட்ட கடனும் அந்த வெடிப்பில் போகும். சுற்றுலா விடுதிக்குத் துளையிட்டுப் பார்க்கும் நாடு, கூலிக்காரன் வீட்டுக்கு ஏன் பார்க்கக்கூடாது?

நம் கோரிக்கைகள் எளியவை. மண் பரிசோதனை அறிக்கைகள் ஆங்கிலத்தில் அலுமாரிக்குள் கிடக்கக்கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச சபையில் எல்லாரும் காண வைக்கப்படவேண்டும். அரசு வழங்கும் வீட்டுக் காணிகள் அனைத்தும் அரசின் செலவில் சோதிக்கப்படவேண்டும். ஆபத்தான நிலமென்று அறிவித்தால், அந்த அறிவிப்போடு மாற்றுக் காணியின் உறுதியும் மக்கள் கையில் வரவேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ஒரு போத்தலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் படியும்; வண்டல் அதன்மேல் படியும்; களி நெடுநேரம் கலங்கியே நிற்கும். எந்தப் பள்ளியிலும் இதைச் செய்து காட்டலாம். தன் வளவு மண்ணை இப்படி அறிந்த பிள்ளை, நாளை பிரதேச சபைக்குப் போய் அறிக்கையைக் கேட்கும். மண்ணைப் பாட விரும்புவோர் தாராளமாகப் பாடட்டும். மீரியபெத்தையில் மீட்கப்படாதவர்கள் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள் என்பதை மறவாமல் பாடட்டும்.