யார் போட்ட காசு?

1908இல் நியூயார்க் போலீஸ் கமிஷனர் பிங்காம், நகரத்துக் குற்றவாளிகளில் பாதிப்பேர் யூதர்கள் என்று எழுதினார். பச்சைப் பொய். எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினார். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் 1909இன் ‘கெஹில்லா’. எல்லா யூதருக்கும் பொதுவான அமைப்பு, தலைவர் ஜூடா மாக்னஸ் என்ற ரபி. ஏழைத் தையல் தொழிலாளியின் சங்கத்துக்கும் அதில் இடமுண்டு என்றார்கள். சரி, காசு யாருது? பெரும்பாலும் பழைய ஜெர்மன் யூதப் பணக்காரர்களுது. மாக்னஸ் உலகப்போரை எதிர்த்துப் பேசினதும் அவர்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1922இல் கெஹில்லா முடிந்தது.

அதே நகரத்தில் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து நடத்திய ஊர்ச் சங்கங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. சில்லறைச் சந்தாதான். நோய்க்கு உதவி, செத்தால் சொந்த இடுகாடு. கெஹில்லா போன பிறகும் அவை நின்றன. என்னைக் கேட்டால் தோழர்களே, மாக்னஸின் பேச்சுக்கு முன்னால அந்தச் சங்கங்களோட வரவு செலவு நோட்டைத்தான் படிக்கணும்.