தீர்ப்பைப் படிக்காமல் சட்டப் படிப்பா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் தமிழ் வணிகக் குடும்பங்களிடம் உள்ள பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். மன்னராட்சிக் காலத்துச் சட்டங்களும் அப்படியே. "1092-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம்" என்பதைக் கண்டதும், 824-ஐக் கூட்டினால் 1916 என்று கணக்கிடத் தெரியாத சட்ட மாணவர் மூலநூலைத் தேடுவதற்கு முன்பே தடுமாறிவிடுவார்.

உயில் எழுதாமல் தந்தை இறந்தால், மகனுடைய பங்கில் கால் பகுதி அல்லது ரூ. 5,000, இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது அந்தச் சட்டம். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமத்துவ உரிமைக்கு முரணானது என்பதால் அந்தச் சட்டம் செல்லாததாக்கப்பட்டது என்று பலரும் இன்றும் எழுதிவருகின்றனர். தீர்ப்பில் அப்படி இல்லை. அரசியல் சாசனக் கேள்விக்குள் செல்லத் தேவையில்லை என்று கூறிய நீதிமன்றம், 1951-ஆம் ஆண்டின் 'பி' பிரிவு மாநிலங்கள் சட்டத்தின் மூலம் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தபோதே பழைய சட்டம் நீங்கிவிட்டது என்று முடிவு செய்தது.

இது வெறும் சொல் வேறுபாடன்று. சட்டம் 1951-லேயே நீங்கிவிட்டதென்றால், அதன் பின் நிகழ்ந்த பாகப்பிரிவினைகளும் கேள்விக்கு உள்ளாகின்றன. கேரளத்தில் அன்று எழுந்த கொந்தளிப்புக்குக் காரணமே இதுதான். சுருக்கக் குறிப்பை மட்டும் மனனம் செய்த மாணவருக்கு இது புரியாது.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அச்சட்டம் பொருந்துமா என்பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இருவேறு தீர்ப்புகள் இருந்தன. செல்லையா நாடார் வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னதை மட்டும் படித்து, அதை உச்ச நீதிமன்றம் மேரி ராய் வழக்கில் நிராகரித்ததை அறியாமல் வாதிடுபவரின் கட்சிக்காரருக்கு நேரும் இழப்பு சொத்திழப்பு. ஒரு தீர்ப்பு பின்னாளில் என்ன ஆயிற்று என்று பார்ப்பது, தீர்ப்பைத் தேடிப் பிடிப்பதற்குச் சற்றும் குறையாத வேலை.

விலையுயர்ந்த தொகுப்பு நூல்கள் எட்டாதவை என்ற சாக்குக்கு இனி இடமில்லை. 2023 ஜனவரி முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பறிக்கைகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழிலும் மலையாளத்திலும் மொழிபெயர்ப்புகள் வருவது வரவேற்கத்தக்கது. ஆயினும் சட்டப்படி ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது. செயற்கை நுண்ணறிவைக் கேட்டு மேற்கோள் காட்டும் பழக்கமோ மேலும் ஆபத்தானது. இல்லாத தீர்ப்புகளை அவ்வாறு தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நியூயார்க் நீதிமன்றம் 2023-இல் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

முழுத் தீர்ப்பைப் படித்து, நீதிமன்றம் எதை முடிவு செய்தது, எதைத் தொடாமல் விட்டது என்று எழுதச் சொல்லும் ஒரு கேள்வியைச் சட்டக் கல்லூரிகள் ஒவ்வொரு பருவத் தேர்விலும் கட்டாயமாக்க வேண்டும். திருவிதாங்கூர்ச் சட்டத் தொகுதிகளைக் கல்லூரி நூலகங்கள் மாணவர்களுக்குத் தடையின்றித் திறந்துவிடவும் வேண்டும்.