நாடுகாண்டலும் ஊர்காண்டலும்

மதுரை மாநகரைக் காண வருவோர் பலர். புகைவண்டியினின்று இறங்குவர், மீனாட்சியம்மை கோயிற் கோபுரங்களை அண்ணாந்து நோக்குவர், திருமலை நாயக்கர் அரண்மனைத் தூண்களைக் கண்டு வியப்பர், சுங்குடிச் சேலையும் மல்லிகைச் சரமும் வாங்கிக்கொண்டு மாலை வண்டியில் மீள்வர். அவர் கண்டது மதுரையிற் பாதியே. எஞ்சிய பாதி நகரைச் சூழ்ந்த வயல்களிலும் குன்றுகளிலும் கிடக்கின்றது என்பது எளியேன் கருத்து.

இக்கருத்துப் புதியதன்று. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின்கண் நாடுகாண் காதையை முன்னும் ஊர்காண் காதையைப் பின்னும் வைத்தார். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் வயலும் சோலையும் காடும் கடந்தன்றோ கூடலை அடைந்தனர்! நாட்டைக் கண்டார்க்கே நகரம் விளங்கும் என்பது இவ்வைப்பு முறையால் யாம் கொள்ளத்தக்கது. மேலைநாட்டாரும் இதனை அறிவர். இத்தாலியிலுள்ள அசிசி என்னும் சிறு நகர்க்குச் செல்வோருட் பலர், அங்குள்ள பேராலயத்தைக் கண்டதோடு அமையார். நகர்ப்புறத்தே சுபாசியோ மலைச்சரிவில் பிரான்சிஸ் அடிகள் தனித்திருந்து செபித்த குகைகளையும் கண்டே மீள்வர்.

நம் நகர்ப்புறமோ அதனினும் வளமுடையது. யானைமலை அடிவாரத்தில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் உளது. அதன் கல்வெட்டு 770-ஆம் ஆண்டினது. மேற்கே கீழக்குயில்குடிச் சமணமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் அமர்ந்திருக்கின்றன. தென்கிழக்கே கீழடியில், 2015 முதல் நிகழ்ந்த அகழாய்வால் செங்கற் கட்டடங்களும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. மாங்குளத்துக் குன்றில், கணி நந்தன் என்னும் முனிவர்க்கு நெடுஞ்செழியனின் பணியாளர் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி, ஈராயிரம் ஆண்டு கடந்த தமிழி எழுத்தில் நிற்கின்றது. அங்கே வெள்ளறை வணிகக் குழுவினர் பெயரும் உண்டு. அவ்வெள்ளறையே மேலூர்ச் சாலையிலுள்ள இற்றை வெள்ளரிப்பட்டி என்பர் அறிஞர். யாம் நாடோறும் காணும் பேருந்துப் பலகையில் சங்ககால ஊரொன்று மறைந்திருக்கின்றது!

இவற்றையெல்லாம் யான் தேர்வின்பொருட்டுப் படித்திருந்தேன், காணவில்லை. 2024 நவம்பரில் மேலூர் வட்டத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலம் விடப்பட்ட நிலப்பரப்பில் அரிட்டாபட்டியும் அடங்கிற்று. குடைவரைச் சிவன் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் உடைய அவ்வூர், 2022-இல் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டதாகும். 2025 சனவரியில் அவ்வட்டத்து உழவர் பல்லாயிரவர் மதுரை நோக்கி நடந்து வந்தனர். அம்மாதமே மத்திய அரசு ஏலத்தை நீக்கியது. அவர்கள் தல்லாகுளத்தில் திரண்ட அன்று, யான் அறையிலமர்ந்து கல்வெட்டுப் பாடத்திற்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். அந்நாணம் இன்னும் தீர்ந்திலது.

பின்னொரு நாள் அரிட்டாபட்டி சென்றேன். வழிகாட்டிய முதியவர் ஒருவர், “தம்பி, இந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. மலை போனால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது, அது தெரியும்” என்றார். எழுத்தறியாதார் எழுத்தைக் காத்தனர். எழுத்தறிந்த யாம் ஏட்டைக் காத்திருந்தோம்.

வெயிலும் தேர்வும் தடையென்பார் உளர். மார்கழிக் காலையில் வெயிலேது? கல்வெட்டை நேரிற் கண்டவன் அதனைத் தேர்வில் மறத்தலும் அரிது. கூட்டமாகச் செல்வோர் பாறைகளைப் பாழாக்குவர் என்பதோ மெய்யான அச்சம். கற்படுக்கைகளின்மேல் தம் பெயரை வண்ணத்தால் தீட்டிச் சென்றாரைக் கண்டு யானும் வருந்தியதுண்டு. ஆதலின் ஆசிரியரோடு செல்லுதலே தக்கது. தமிழ் வகுப்பினர் பருவத்திற்கொரு சனிக்கிழமை நகரப் பேருந்தேறி ஒரு குன்றை அடைக. ஒரு கல்வெட்டையேனும் அவ்விடத்தே படிக்க. படித்ததை அவ்வூர்ச் சிறாருக்கும் சொல்லுக. மலையைக் காத்தவர் மக்கட்கு அதன் பொருளை உரைத்தல் நம் கடன் அன்றோ?

ஊரைப் பலரும் காண்பர். நண்பர்காள், யாம் நாட்டையும் காண்போமாக!